புது ரொட்டி, பழைய ரொட்டி

ரொட்டியைக் குறைக்கும்படி ஐரோப்பிய, அமெரிக்க வாசகர்களுக்கு அறிவுரை கூறிய பழைய உணவு நூல்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒரு தயக்கம் அவற்றுக்குப் பொதுவாக இருப்பது தெரியும். வேறு எதைக் கைவிடச் சொன்னாலும் காரணத்தைக் கூறி நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர், ரொட்டி என்ற இடத்துக்கு வந்ததும் வாசகரின் மனம் சுருங்கப்போவதை முன்னுணர்ந்து, ஒரு துண்டையோ ஒரு மாற்று வகையையோ சலுகையாக எழுதிவைக்கிறார். ரொட்டி மீதான அடங்காத ஆசை இன்று தனிமனிதரின் மனவுறுதி சார்ந்த குறையாகப் பேசப்படுகிறது. ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளில் அதை எதிர்கொள்ள நாடாளுமன்றங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன, மன்னர் ஒருவர் பிரகடனம் வெளியிட்டிருக்கிறார், மருத்துவர் ஒருவர் தம் பதிவையே இழந்திருக்கிறார். இம்முயற்சிகளில் ஓரளவேனும் பலன் தந்தவை மனவுறுதியைக் கோரியவை அல்ல. ரொட்டியின் வயது, நிறம், மாவின் பருமன், துண்டின் அளவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றியவையே.

இங்கு ரொட்டி என்பது கல்லில் சுடும் தட்டை ரொட்டியன்று. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரால் புளித்துப் பொங்கிய மாவைச் சூளையில் வைத்துச் சுட்டெடுக்கும், இலங்கைத் தமிழர் பாண் என்று வழங்கும் உணவு. இடைக்கால ஐரோப்பாவில் உழைக்கும் குடும்பம் உண்டவற்றில் பெரும்பகுதி இதுவாகவே இருந்ததால், இதைக் குறைப்பது உடல்நலத்துக்கு உகந்தது என்ற எண்ணம் எழ இடமே இருக்கவில்லை. நோன்பு என்பதும் இறைச்சியையும் பாலையும் விலக்கி ரொட்டியோடும் தண்ணீரோடும் நிறுத்திக்கொள்வதாகவே இருந்தது. துறவியின் உணவாக இருந்த பொருள், துறக்கப்பட வேண்டிய பொருளாகப் பிற்காலத்தில் மாறியது இவ்வரலாற்றின் பெரிய திருப்பம். அன்றைய ஏக்கமெல்லாம் ரொட்டியின் நிறத்தைப் பற்றியதாக இருந்தது. துணியில் சலித்துத் தவிடு நீக்கிய மாவின் வெள்ளை ரொட்டி செல்வரின் மேசைக்கும், தவிட்டோடு சுட்ட பழுப்பு ரொட்டியும் ரை ரொட்டியும் (ரை என்பது குளிர்நாடுகளில் விளையும், கோதுமைக்கு உறவான, கருத்த மாவு தரும் தானியம்) எளியவரின் மேசைக்கும் உரியனவாக இருந்தன. இங்கிலாந்தில் 1266ஆம் ஆண்டளவில் பிறப்பிக்கப்பட்ட ரொட்டி, பீர் விலைச் சட்டம் ஒவ்வொரு தர ரொட்டிக்கும் தனித்தனி எடையை வகுத்தது. லண்டனில் வெள்ளை ரொட்டி சுடுவோரும் பழுப்பு ரொட்டி சுடுவோரும் தனித்தனித் தொழிற்சங்கங்களாகப் பிரிந்திருந்து, 17ஆம் நூற்றாண்டில்தான் ஒன்றாயினர். ஆகவே வெள்ளை ரொட்டி மீதான விருப்பம் நாவின் விருப்பம் மட்டுமன்று. எட்டாத இடத்தில் இருந்த ஒன்றின் மீது பல தலைமுறைகள் வளர்த்த ஏக்கமும் அதில் சேர்ந்திருந்தது.

அந்த ஏக்கத்தின் வலிமையை அரசு முதன்முதலில் உணர்ந்தது பஞ்சத்தின்போது. 1799, 1800 ஆகிய இரு ஆண்டுகளிலும் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்து, பிரான்சுடனான போரால் இறக்குமதியும் தடுமாறிய நிலையில், தானியத்தை மிச்சப்படுத்த நாடாளுமன்றம் இரண்டு வழிகளைக் கையாண்டது. சூளையிலிருந்து எடுத்து 24 மணி நேரம் ஆகாத ரொட்டியை விற்கக்கூடாது என்பது முதலாவது. புதிய ரொட்டியை மக்கள் அளவுக்கு மீறி உண்கின்றனர், பழைய ரொட்டியை மெல்லியதாக நறுக்கவும் பசியடங்கியதும் நிறுத்தவும் முடிகிறது என்ற நடைமுறை அறிவே அதன் அடிப்படை. சுட்ட ரொட்டி ஆறும்போது, சூட்டில் குழைந்திருந்த மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி இறுகுகின்றன. உட்பகுதி விறைத்து, மேலோட்டின் மணமும் குன்றி, ஒவ்வொரு கவளத்தையும் மெல்லவேண்டிய நேரம் கூடுகிறது. இந்த வேதியியல் எதுவும் தெரியாமலே, ஆசையைத் தூண்டுவது ரொட்டியைவிட அதன் புதுமைதான் என்பதை அன்றைய சட்டமியற்றிகள் சரியாகக் கண்டுகொண்டனர்.

இரண்டாவது வழி அவ்வளவு எளிதில் ஏற்கப்படவில்லை. 1800ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஆலைக்காரர்கள் தவிடு நீக்காத முழுமாவைத் தவிர வேறெதையும் அரைத்து விற்கக்கூடாது என்றது. தவிட்டையும் மாவாகக் கணக்கிட்டால் அதே கோதுமையிலிருந்து கூடுதலான ரொட்டி கிடைக்கும் என்ற கணக்கு சரியானதே. அந்த ரொட்டியே உடலுக்கு நல்லது என்பதும் பின்னாளில் நிறுவப்பட்டது. ஆனால் மக்கள் அதை நஞ்சுச் சட்டம் என்று ஏசினர். சசெக்ஸ் பகுதியின் ஹோர்ஷாம் ஊருக்கு அருகில் பெண்கள் கூட்டமாக ஆலைக்குச் சென்று, பழுப்பு மாவைத் தந்ததற்காக ஆலைக்காரரைத் திட்டி, மாவு சலிக்கும் துணியைக் கைப்பற்றிக் கிழித்தெறிந்தனர். நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பசியின் விளிம்பில் நின்றவர்கள்கூட வெள்ளை ரொட்டியை விட்டுக்கொடுக்க மறுத்தனர் என்பதைப் படிப்பவர், வயிறு நிறைந்த காலத்தில் அதை விட முடியாமல் தவிப்பவரைப் பலவீனர் என்று எளிதில் கூறத் துணியமாட்டார்.

உடல் பருமனோடு ரொட்டியைத் தெளிவாக இணைத்துப் பேசிய முதல் புகழ்பெற்ற நூல் பிரான்சில் தோன்றியது. பாரிசின் உயர்முறையீட்டு மன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் அந்தெல்ம் பிரியா-சவரான் (1755–1826) தம் இறுதி ஆண்டுகளில் எழுதி, 1825இன் முடிவில் வெளியிட்ட 'சுவையின் உடலியல்' என்னும் நூலில், பருமனுக்கு மாவுப்பொருள்களே முதன்மைக் காரணம் என்று எழுதினார். விருந்துகளில் தம் அருகில் அமர்ந்த பருத்த மனிதர்களோடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை உரையாடியதாகவும், அவர்கள் எல்லோரும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சோற்றையும் இனிப்பு அப்பங்களையும் விரும்பிக் கேட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். தம் வயிற்றையும் ஓர் எதிரியாகக் கருதி முப்பது ஆண்டுகள் போராடியவர் என்பதால், அவர் அறிவுரையில் ஏளனம் இல்லை. மாவுப்பொருளை விலக்குங்கள் என்று எழுதியதுமே, வாசகர்கள் ஒன்றுகூடி, தங்களுக்கு விருப்பமான வெள்ளை ரொட்டிகளையும் கேக்குகளையும் இந்த மனிதர் ஒரே சொல்லில் பறித்துவிட்டாரே என்று கூக்குரலிடுவதாகக் கற்பனை செய்து, அவர்களுக்கு ஒரு மாற்றை முன்வைக்கிறார். ரொட்டி பிடிக்குமானால் ரை ரொட்டியை உண்ணுங்கள் என்கிறார். அது குறைந்த ஊட்டமுள்ளது என்பதோடு, குறைந்த சுவையுள்ளது என்பதால் விதியைக் கடைப்பிடிப்பதும் எளிது என்பது அவர் கூறும் காரணம். தன்னை நம்புவதைவிடத் தூண்டுதலிலிருந்து விலகி நிற்பதே பாதுகாப்பு என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ரை ரொட்டியின் ஊட்டத்தைப் பற்றிய அவர் கருத்து இன்று நிற்காது. ஆனால் ஆசை உள்ள இடத்தில் ஆசையைக் குறைவாகத் தூண்டும் ஒன்றை வைப்பது என்ற அவர் உத்தி, அதற்குப் பின் வந்த பெரும்பாலான திட்டங்களுக்குள் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதே காலத்தில் கிளம்பிய இயக்கத்தின் நோக்கம் வேறு. கனெக்டிகட் மாநிலத்தில் 1794இல் பிறந்து, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகராகி, மதுவிலக்குப் பேச்சாளராகப் புகழ்பெற்ற சில்வெஸ்டர் கிரஹாம், 1837இல் ரொட்டியையும் ரொட்டி சுடுவதையும் பற்றித் தனி நூலே எழுதினார். பருமன் அவர் கவலையன்று. இறைச்சி, மது, மசாலா, சலித்த வெள்ளை மாவு ஆகியவை உடலைக் கிளர்ச்சியூட்டிக் கெடுக்கின்றன என்பது அவர் நம்பிக்கை. அடுமனைகளில் ரொட்டியை வெளுப்பாக்கப் படிகாரம் கலப்பது அக்காலத்தில் பரவலாக இருந்ததையும், அதை வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கும் 1820இல் லண்டனில் அம்பலப்படுத்தியிருந்ததையும் நினைவில் கொண்டால், கடை ரொட்டி மீதான கிரஹாமின் ஐயம் வெறும் மதப்பற்றிலிருந்து எழுந்ததன்று என்பது விளங்கும். தவிடு நீக்காத பருமாவில், வீட்டில், பிள்ளைகளின் நலம் விரும்பும் தாயின் கையால் சுட்டு, ஒரு நாளாவது ஆறவைத்து, நன்றாக மென்று உண்ணவேண்டும் என்றார். அவர் பேச்சால் ஆத்திரமுற்ற அடுமனைக்காரர்களும் இறைச்சிக் கடைக்காரர்களும் 1837இல் பாஸ்டன் நகரில் அவர் கூட்டத்தைக் கலைக்கத் திரண்டபோது, அவருடைய ஆதரவாளர்கள் மேல்மாடி சன்னல்களிலிருந்து சுண்ணாம்பைக் கொட்டி விரட்டினர். கிரஹாமின் உடலியல் பெரும்பாலும் தவறானது. எனினும் ரொட்டியைப் பழிக்காமல், நல்ல ரொட்டி எது என்று கேட்டதே அவர் செல்வாக்கின் அடித்தளம். அவர் பெயரால் அழைக்கப்படும் பிஸ்கட்டு இன்று சர்க்கரை சேர்த்த வணிகப் பண்டமாக விற்கப்படுவது அவர் கொள்கைக்கு நேர்ந்த பெருங்கொடுமை.

ரொட்டி ஆசையுள்ள ஒருவரே தம் அனுபவத்தை முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தது 1863இல். லண்டனில் அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை நடத்திவந்த நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த வில்லியம் பான்டிங், 65 வயதில் 202 பவுண்டு (ஏறத்தாழ 92 கிலோ) எடையுடன், காலணிக் கயிற்றைக் கட்டக் குனிய முடியாமலும், முழங்கால் வலிக்கு அஞ்சிப் படிகளில் பின்புறமாக இறங்கியும் வாழ்ந்தவர். படகு வலிப்பது, நீராவிக் குளியல், கனிமநீர் ஊற்றுகள் எனப் பலவற்றையும் முயன்று, படகு வலித்ததால் கூடிய பசியே எடையைக் கூட்டியதைக் கண்டு மனமுடைந்திருந்தார். செவித்திறன் குன்றியதால் காது மருத்துவர் வில்லியம் ஹார்வியிடம் சென்றபோதுதான் வழி பிறந்தது. கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குவதைப் பற்றிப் பிரெஞ்சு உடலியலாளர் குளோது பெர்னார் பாரிசில் ஆற்றிய உரைகளைக் கேட்டிருந்த ஹார்வி, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குறைத்தால் கொழுப்பும் குறையக்கூடும் என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விலக்கச் சொன்னார்.

பான்டிங் எழுதி, தம் செலவில் அச்சிட்டு, முதலில் இலவசமாகவே வழங்கிய 'பருமனைப் பற்றிய மடல்' என்னும் சிறு நூலில் அவருடைய பழைய உணவு முறை ஒளிவுமறைவின்றி விவரிக்கப்பட்டுள்ளது. காலையில் ரொட்டியும் பாலும், அல்லது பாலும் சர்க்கரையும் நிறைந்த தேநீரோடு வெண்ணெய் தடவிய டோஸ்ட். மதியம் இறைச்சியோடும் பீரோடும் நிறைய ரொட்டி. மாலைத் தேநீரில் காலை உணவே மறுபடி. இரவில் பழ அப்பம் அல்லது மீண்டும் ரொட்டியும் பாலும். ரொட்டியின் மீது தமக்கு எப்போதும் பெருவிருப்பம் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு நாளில் நான்கு வேளையும் ரொட்டியைச் சுற்றியே அமைந்த ஒருவருக்கு அதை அடியோடு நிறுத்துவது எத்தகைய இழப்பு என்பதை ஹார்வி அறிந்திருந்தார் போலும். புதிய திட்டத்தில் காலைக்கும் மதியத்துக்கும் ஓர் அவுன்ஸ் (28 கிராம்) வெண்ணெயில்லா டோஸ்ட் அனுமதிக்கப்பட்டது, மாலைக்கு இருமுறை சுட்டு உலர்த்திய ரஸ்க் ஒன்றிரண்டு. அந்த உலர்ந்த துண்டை ஒரு கரண்டி மதுவில் நனைத்து மென்மையாக்கிக்கொள்ளலாம் என்றுகூட நூலில் ஒரு குறிப்பு உண்டு. மிச்சத்தை இறைச்சி, மீன், காய்கள், பழம், கிளாரெட் மது ஆகியவை நிரப்பின.

ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்து, 156 பவுண்டு (ஏறத்தாழ 71 கிலோ) எடையுடன் அவர் படிகளில் முன்முகமாக இறங்கலானார். விலக்கிய உணவுகளைக் குதிரைக்குத் தரும் பயற்றோடு அவர் ஒப்பிட்டார்: இளங்குதிரைக்கு வலிமை தருவது முதிய குதிரைக்குக் கேடாவதைப் போல, இளமையில் நலம் தந்த ரொட்டி முதுமையில் தீங்காகும் என்பது அவர் விளக்கம். இத்திட்டத்தின் புகழ் பரவியபோது மருத்துவ இதழ்கள் அதைக் கடுமையாகத் தாக்கின. பின்னர் விற்ற பதிப்புகளின் வருவாயை அவர் அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டு, 81 வயது வரை வாழ்ந்து 1878இல் இறந்தார். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் இன்றைய உணவுத் திட்டங்கள் பலவும் அவரையே முன்னோடியாகக் கொள்கின்றன. ஆனால் அவற்றைப் பின்பற்றுவோர் அந்த ஓர் அவுன்ஸ் டோஸ்டை மறந்துவிடுகின்றனர். நாள்தோறும் இருமுறை அளந்து தரப்பட்ட அந்தச் சிறு துண்டு இல்லாதிருந்தால், அறுபது ஆண்டுகள் ரொட்டியை நேசித்த ஒருவர் ஓராண்டு முழுவதும் திட்டத்தில் நிலைத்திருப்பார் என்று நம்புவது கடினம்.

பான்டிங் இறந்த அதே காலத்தில் ரொட்டியே வேறாகத் தொடங்கியது. அதுவரை கோதுமை இரண்டு எந்திரக்கற்களுக்கு இடையே நசுங்கி மாவானது. தானியத்தின் மூன்று பகுதிகளான புறத்தோல் எனும் தவிடும், எண்ணெய்ச் சத்துள்ள முளைக்கருவும், மாவுச்சத்து நிறைந்த உட்சதையும் ஒன்றோடொன்று கலந்து அரைபட்டதால், எவ்வளவு சலித்தாலும் மாவில் சற்று மஞ்சள் நிறம் தங்கியது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆலைகளில் செம்மைப்பட்டு, 1870களின் இறுதியிலும் 1880களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவிய இரும்பு உருளை ஆலையோ தானியத்தைப் படிப்படியாகப் பிளந்து, முளைக்கருவைத் தட்டையாக நசுக்கிச் சல்லடையில் பிரித்தெடுத்துவிட்டது. நூறு பங்கு கோதுமையில் ஏறத்தாழ எழுபது பங்கு தூய வெள்ளை மாவு, மாதக்கணக்கில் கெடாமல், முன்னெப்போதையும்விட மலிவாகக் கிடைத்தது. செல்வரின் ரொட்டி ஒரே தலைமுறையில் எல்லோருடைய ரொட்டியும் ஆயிற்று. நூற்றாண்டுகளாக எட்டாதிருந்தது கைக்கெட்டியபோது, அதை அளவோடு உண்ணும் பழக்கம் எவரிடமும் உருவாகியிருக்கவில்லை.

இதற்கு எதிரான குரல்கள் உடனே எழுந்தன. முழுமாவு ரொட்டியை இடைவிடாது பரிந்துரைத்த லண்டன் மருத்துவர் தாமஸ் ஆலின்சன், மருந்துகளைப் பழித்தும் தம்மை விளம்பரப்படுத்தியும் எழுதியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1892இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பின், சொந்தமாகக் கல் ஆலை நடத்தி மாவு விற்றார். ரிச்சர்ட் ஸ்மித் என்னும் ஆலைக்காரர் 1887இல் காப்புரிமை பெற்ற முறை நடுவழியில் நின்றது: பிரித்தெடுத்த முளைக்கருவை நீராவியில் வேகவைத்துக் கெடாமல் செய்து வெள்ளை மாவிலேயே திரும்பக் கலப்பது. ஹோவிஸ் என்ற பெயரில் அது பெற்ற வெற்றி, மென்மையை இழக்காத பழுப்பு ரொட்டியானால் மக்கள் ஏற்பர் என்பதைக் காட்டியது.

முதல் உலகப் போரில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் தானியக் கப்பல்களை மூழ்கடித்த 1917இல், இங்கிலாந்து மீண்டும் பழைய வழிக்கே திரும்பியது. சூளையிலிருந்து எடுத்து 12 மணி நேரம் கழியாத ரொட்டியை விற்பது தடைசெய்யப்பட்டது. மே மாதத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ஒவ்வொரு குடும்பமும் ரொட்டி உண்பதைக் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது குறைக்கவேண்டும் என்று பிரகடனம் வெளியிட, அது தேவாலயங்களில் தொடர்ந்து நான்கு வாரங்கள் வாசிக்கப்பட்டது. குடிமக்களின் ரொட்டி ஆசையை ஓர் அரசு இவ்வளவு வெளிப்படையாக நாட்டின் சிக்கலாக அறிவித்த நிகழ்ச்சி வரலாற்றில் அரிது.

வெள்ளை ரொட்டியின் மீதான அறிவியல் விசாரணையில் தமிழகத்து மலையூர் ஒன்றுக்கும் இடமுண்டு. நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு சிறு அறையில் தொடங்கிப் பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்த இடத்தில், ராணுவ மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, அவ்வப்போது இறைச்சி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடத்திலும், தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை கடைசியிலும் நின்றன. இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், இனிப்புத் தேநீர், அவித்த காய், டப்பா இறைச்சி ஆகியவற்றைப் பெற்ற இன்னொரு கூட்டமோ வளர்ச்சி குன்றி, நோய்வாய்ப்பட்டு, ஒன்றையொன்று கடித்துக் கொல்லும் நிலைக்கு வந்தது. ரொட்டி ஒன்றை மட்டும் மாற்றிய சோதனை இதுவன்று என்பதால், எல்லாப் பழியையும் வெள்ளை மாவின் மீது சுமத்துவது முறையாகாது. ரொட்டியோடு தட்டில் என்ன இருந்தது என்பதே குன்னூர் ஆய்வு எழுப்பிய உண்மையான கேள்வி.

இரண்டாம் உலகப் போர் அக்கேள்வியை ஒரு நாடு முழுவதற்கும் விரித்தது. 1942இல் பிரிட்டன் வெள்ளை ரொட்டியைத் தடைசெய்து, தானியத்தின் 85 விழுக்காட்டை மாவில் தக்கவைத்த 'தேசிய ரொட்டி'யைக் கொண்டுவந்தது. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் உடல் சுண்ணாம்புச் சத்தை ஈர்ப்பதைத் தடுக்கும் என்று எல்சி விட்டவ்சனும் ராபர்ட் மக்கான்சும் கண்டறிந்திருந்ததால், மாவில் சுண்ணப்பொடியும் சேர்க்கப்பட்டது. சாம்பல் நிறமும் ஈரப்பதமும் கொண்ட அந்த ரொட்டியை மக்கள் வெறுத்தனர். ஆயினும் போர்க்காலம் முழுவதும் ரொட்டிக்குப் பங்கீடு இல்லாததால் வயிறு நிறைய உண்டனர், சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த அந்த ஆண்டுகளில் மக்களின் உடல்நலம் கெடவில்லை. போர் முடிந்த பின்னரே, 1946 ஜூலை முதல் இரண்டாண்டுகள் ரொட்டி பங்கீட்டுக்கு உட்பட்டது. 1956இல் தேசிய ரொட்டி கைவிடப்பட்டதும் பெரும்பாலோர் வெள்ளை ரொட்டிக்கே திரும்பினர். ஆண்டுக்கணக்கில் கட்டாயமாக உண்ட பழுப்பு ரொட்டி எவர் நாவையும் திருத்தவில்லை. விரும்பி ஏற்காத பழக்கம் கட்டாயம் நீங்கியதும் உதிர்ந்துவிடுகிறது.

இதற்கிடையில் விட்டவ்சனும் மக்கான்சும் தோற்றுப்போன ஜெர்மனியின் அனாதை இல்லங்களில், ஊட்டமிழந்த பிள்ளைகளுக்கு ஐந்து வகை ரொட்டிகளைக் காய்கறிகளோடு தாராளமாகக் கொடுத்து ஆராய்ந்தபோது, வெள்ளை ரொட்டி உண்டவர்களும் முழுமாவு ரொட்டி உண்டவர்களும் ஒரே அளவில் வளர்ந்தனர். பழுப்பு ரொட்டியின் ஆதரவாளர்களுக்கு இம்முடிவு ஏமாற்றமளித்தது. வளரும் பிள்ளையின் தேவையும், எடை கூடிவரும் நடுவயதினரின் தேவையும் ஒன்றல்ல என்பதை அதன் மீது எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

ஆசையின் பக்கமோ தொழில்நுட்பம் தொடர்ந்து உழைத்தது. 1928 ஜூலையில் மிசூரி மாநிலத்தின் சில்லிகோத்தி ஊரில், ஓட்டோ ரோவெடர் உருவாக்கிய இயந்திரத்தால் நறுக்கிய ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கத்தி எடுத்து நறுக்கும் அந்தச் சிறு தடையும் நீங்கியதால், இன்னொரு துண்டுக்குக் கை நீள்வது எளிதாயிற்று. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வு நிலையம் வகுத்த முறை, மாவை அதிவேகத்தில் சில நிமிடங்களே பிசைந்து, நீண்ட நேரப் புளிப்பைத் தவிர்த்து, நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும் ரொட்டியைத் தந்தது. பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இன்றும் அம்முறையிலேயே உருவாகிறது. 24 மணி நேரம் ஆறவைத்து ஆசையைத் தணித்த 1800ஆம் ஆண்டின் சட்டத்துக்கு நேர் எதிராக, எப்போதும் புதியதைப் போலவே இருக்கும் ரொட்டியை இருபதாம் நூற்றாண்டு படைத்துக்கொண்டது.

பழைய நடைமுறை அறிவை எண்களால் உறுதிசெய்யும் ஆய்வுகள் அதன் பின்னரே வந்தன. 1981இல் டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்சும் உடன் பணியாற்றியோரும், ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோசோடு ஒப்பிட்டு அளக்கும் சர்க்கரை உயர்த்தல் குறியீட்டை வெளியிட்டபோது, வெள்ளை ரொட்டியும் முழுமாவு ரொட்டியும் ஏறத்தாழ ஒரே எண்ணைப் பெற்றன. தவிடு சேர்ந்திருந்தாலும் மாவு நைந்து மென்மையாக இருந்தால் செரிமானம் விரைவாகவே நடக்கிறது. முழுத் தானியமணிகள் உடையாமல் கிடக்கும் கனத்த ரை ரொட்டியும், மெல்லப் புளித்த ரொட்டியும்தான் அந்த எண்ணைத் தாழ்த்துகின்றன. 1995இல் சிட்னியில் சூசன்னா ஹோல்ட் குழுவினர், ஒரே கலோரி அளவில் 38 உணவுகளைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறைந்த உணர்வை அளந்தனர். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தபோது முழுமாவு ரொட்டி 157, குரோசான் 47, அவித்த உருளைக்கிழங்கு 323. பான்டிங்கும் ஹார்வியும் ரொட்டியோடு சேர்த்து விலக்கிய கிழங்கே பசியை அடக்குவதில் முதலிடம் பெற்றது. கைவிடவேண்டியவற்றின் பட்டியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதும், மென்று தின்னவேண்டிய பருமையும் நீர்ச்சத்தும் உள்ள உணவே நிறைவு தரும் என்பது மாறாதிருப்பதும் இவ்விரு ஆய்வுகளை அடுத்தடுத்து வைக்கும்போது தெரிகிறது.

விருப்பத்தைக் கட்டாயமின்றித் திசைமாற்றுவது ஒரு நாட்டின் அளவிலும் இயலும் என்பதற்கு டென்மார்க் சான்று. 1917இல் கடல் முற்றுகையால் தீவன இறக்குமதி நின்றபோது, மருத்துவர் மிக்கேல் ஹிண்டெடேயின் அறிவுரைப்படி அந்நாடு பன்றிகளைக் குறைத்து, அவற்றுக்குப் போகவிருந்த தானியத்தையும் தவிட்டையும் மக்களின் ரை ரொட்டிக்குத் திருப்பியது. அதற்கடுத்த ஆண்டில் கோபன்ஹேகன் ஆண்களின் இறப்பு விகிதம் பெரிதும் குறைந்ததாக அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதே காலத்தில் மதுவின் மீதான வரி கடுமையாக உயர்ந்து குடி குறைந்ததும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கவேண்டும். பிரிட்டனின் தேசிய ரொட்டிக்கு நேர்ந்தது டேனிய ரொட்டிக்கு நேராததற்குக் காரணம், அது போருக்காகப் புதிதாகத் திணிக்கப்பட்டதன்று, மக்கள் முன்பே விரும்பி உண்டுவந்தது என்பதே. புளித்த மாவில் முழுமணிகளோடு சுட்ட அந்தக் கனத்த ரொட்டியை மெல்லிய துண்டாக அறுத்து, அதன்மேல் மீன், முட்டை, இறைச்சி, காய் ஆகியவற்றை அடுக்கி உண்பது டேனியரின் மதிய உணவு மரபு. அதில் ரொட்டி அடித்தளமாக இருக்கிறதேயன்றித் தட்டை நிறைப்பதில்லை. 2008இல் அரசும், புற்றுநோய், இதயநலச் சங்கங்களும், ஆலைக்காரர்களும், அடுமனைகளும், கடைகளும் இணைந்து முழுத்தானியக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, மக்கள் ஏற்கெனவே வாங்கும் ரொட்டிகளிலேயே முழுத்தானியத்தின் பங்கைக் கூட்டி, தகுதியுள்ளவற்றுக்குப் பொது முத்திரை வழங்கத் தொடங்கின. 2000களின் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 36 கிராமாக இருந்த முழுத்தானிய நுகர்வு, 2011–13 காலத்து ஆய்வில் 63 கிராமாக உயர்ந்திருந்தது.